எண்பது கிலோ என்று சொன்னேன்

2009-இல் நடந்தது இது. அப்போது கடலூரில் நான் பல் கிளினிக் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் குண்டு. பூசினாற்போல என்றெல்லாம் சொல்லி மழுப்ப வேண்டாம், நூற்றுப் பதினெட்டு கிலோ. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நின்றால் முட்டி வலி, உட்கார்ந்தால் முதுகு வலி. இப்படியே போனால் கிளினிக்கை மூட வேண்டியதுதான் என்று பயந்துபோனேன்.

குதிரைச் சேணம் மாதிரி இருக்கை வைத்த சக்கர ஸ்டூல் ஒன்று உண்டு. காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும். சென்னையிலிருந்து இரண்டு வரவழைத்தேன். ஒன்று தொடையைக் கவ்வியது, இன்னொன்று நான் உட்கார்ந்ததுமே தரைக்கு இறங்கியது. ஒல்லியானவர்களுக்குத்தான் முதுகு வலிக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள் போல.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பட்டறைக்காரர் இருக்கையின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, "எட எவ்ளோங்க டாக்டரம்மா?" என்றார். பக்கத்தில் நாலு ஆண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்பது" என்றேன்.

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சரிங்க, ஒரு பத்து கிலோ ஜாஸ்தியா தாங்குற மாதிரியே போடுறேன்" என்றார்.

அப்படியொரு சுகமான ஸ்டூல். மூன்று மாதம் வலியே தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் ஒருவர் கடைவாய்ப் பல் எடுக்க வந்திருந்தார். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வண்டிகளை எடை போடும் வேலை அவருக்கு. பல்லை டிரில்லால் அறுத்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கீழே படக்கென்று ஒரு சத்தம். ஸ்டூல் கால் வெல்டிங் விட்டு நான் சரிந்ததில், கையிலிருந்த டிரில் அவர் நாக்கடியில் இறங்கிவிட்டது. வாய் நிறைய ரத்தம். அதைத் துப்பிவிட்டு அந்த மனுஷன் முதலில் கேட்டது, "ஒங்களுக்கு அடி கிடி படலியே டாக்டரம்மா?"

நானே தையல் போட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். காயம் ஆறியது. ஆனால் ருசி நரம்பு போனது போனதுதான். "கரும்பு கடிச்சா இந்தப் பக்கம் சப்புன்னு இருக்கு" என்றார். கரும்புக்கு நடுவிலேயே பிழைக்கிற மனுஷன்.

உடைந்த ஸ்டூலைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போனேன். அதைப் பார்த்ததும் பட்டறைக்காரர், "என் வேலதான் சரியில்ல, மன்னிச்சுடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நூத்திப் பதினெட்டுங்க" என்றேன். அன்றைக்கும் நாலு பேர் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே நெல்லிக்குப்பம் போய் அவரிடமும் உண்மையைச் சொன்னேன். "நாங்க வண்டிய லோடோட ஒரு தரம், காலியா ஒரு தரம் எட போடுவோம். வண்டிக்காரரு வாயால சொல்றத எழுத மாட்டோம்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் அவர் என் கிளினிக் பக்கமே வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பட்டறைக்காரர் மறுபடி செய்துகொடுத்த ஸ்டூலில்தான் இன்றும் உட்கார்கிறேன், ஆடாமல் தாங்குகிறது. இப்போது யார் கேட்டாலும் என் எடையைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பொய் சொன்னது என் நாக்கு, ருசி போனது அவர் நாக்கில் என்பது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.