கொடியில் ஒரு முக்கோணம்

பல் துலக்கிவிட்டு வருவதற்குள் கைபேசி 'உங்கள் முறை' என்றது. திறந்து பார்த்தால், செல்லையாவின் படை என் ஆற்றங்கரைக் கோட்டையை வளைத்து நிற்கிறது. கொழிஞ்சாம்பாறையில் நானும் சாந்தன்பாறையில் அவருமாக, நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று கணக்கு வைத்து கைபேசி விளையாட்டில் ராஜ்ஜியம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சிரிக்காதீர்கள். பென்ஷன்காரனை நம்பி வேறு யாரும் ராஜ்ஜியத்தைக் கொடுப்பதில்லை.

பேருந்தில் யாராவது முகப் பவுடர் மணக்க ஏறினால் எனக்கு மூணாறு ஞாபகம் வரும். நான் அங்கே வில்லேஜ் ஆபீஸ் கிளார்க். செல்லையா தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் கிளப்பில் கேரம். பலகையில் தூவும் போரிக் பவுடர் தீர்ந்துபோனால் முகப் பவுடரைக் கொட்டுவோம். அடிப்பதற்கு முன்னால் அவர் எதிராளியான என்னிடமே கேட்பார்: "அண்ணாச்சி, இது செவப்பா கறுப்பா?" பிறவியிலேயே அவருக்கு நிறம் பிரியாது. யூனியன் ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்தான். அது சிவப்பு என்பது கூட்டத்தார் சொல்லித் தெரிந்தது.

இந்த விளையாட்டிலும் அதே கதை. அவருக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை என்று விளையாட்டே ஒதுக்கிவிடும். அதனால் தினமும் காலையில் போன் வரும்.

"அண்ணாச்சி, மலைமேல நிக்கது ஒம்ம ஆளா, எம்ம ஆளா?"

"உங்காளுதானுங்க. பயப்படாம நகத்துங்க."

பொய் சொல்லி ஜெயித்திருக்கலாம். அந்த அளவுக்கு நான் பதவி உயர்வு பெறவில்லை. பதில் ஒரு வரிதான். அதற்குப் பின்னால் ஏலத்தோட்டத்து மழை, மூட்டுவலி, மருமகள் வைத்த சாம்பார் என்று காப்பி ஆறிப்போகும்வரை பேச்சு நீளும்.

ஒரு மழைநாளில் மலையில் போன் பேசும் அளவுக்குச் சிக்னல் இல்லை. கேட்காமலே நகர்த்தினார். தானிய வண்டிகள் மொத்தத்தையும் தன் ஊர் என்று நினைத்து என் ஊருக்குள் ஓட்டிவிட்டார். திருப்பித் தர விளையாட்டில் வழியில்லை.

"இனி நான் ஆடல அண்ணாச்சி. எதிரிகிட்ட வழி கேட்டுக்கிட்டு எவனாவது படை நடத்துவானா?"

அவர் ஆடாவிட்டால் என் காலைப்பொழுது என்ன ஆவது? இந்த விளையாட்டு பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதி, எவரும் திருத்தலாம் என்று திறந்து வைத்தது. நிறத்தோடு கொடியில் ஒரு வடிவமும் வேண்டும், ஒருவருக்கு முக்கோணம், மற்றவருக்கு வட்டம் என்று நானே வரைந்து அவர்களுக்கு அனுப்பினேன். எந்தப் பதிப்பு என்றார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு என்றார்கள். வரைபடத்தின் அழகு கெடும் என்றார் ஒருவர். முக்கோணத்தைக் கொஞ்சம் சிறிதாக்கச் சொன்னார் இன்னொருவர். பிறகு பரிசீலனையில் வைத்தார்கள். ஃபைலைத் தூங்கவைப்பதில் நானும் லேசுப்பட்டவனில்லை. ஆனால் இவர்கள் நன்றி சொல்லித் தூங்கவைத்தார்கள். நினைவூட்டல், அதற்கும் மேல் ஒரு நினைவூட்டல் என்று எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் போனேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருவழியாகச் சேர்த்தார்கள்.

புதிய பதிப்பு வந்த அன்று மறுபடி ஆட உட்கார்ந்த செல்லையா போனில் கத்தினார்: "அண்ணாச்சி, பாலத்துல ஒம்ம பயக நிக்கானுவ! நல்லாத் தெரியுதுவே! இனி பாரும்!"

மறுநாள் போன் வரவில்லை. காப்பி கொதிப்பதற்குள் நகர்த்தல் மட்டும் வந்திருந்தது. அன்றிலிருந்து அப்படித்தான். விடியும் முன் வேலையை முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். ஆட்டமும் நன்றாகத் தேறிவிட்டது. போன மாதம் இரண்டு ஊர்களை இழந்தேன்.

பொறுக்காமல் ஒருநாள் நானே கூப்பிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, எதும் விசேஷமா?"

கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எல்லா நிறமும் தெரியுமே.

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.