காலிக் கிளாஸோடு நின்றவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

யாங்கூனில், க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா படகுகளில் மூட்டை இறக்குபவர். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில், வெளிநாட்டுக்காரர்களின் பழைய படங்களில் உள்ள கீறலையும் கறையையும் நீக்கிக் கொடுப்பேன். போன ஆடியில் ஓர் அமெரிக்க அம்மாள் தன் மூதாதையின் ஓவியத்தைப் படமெடுத்து அனுப்பினார். அமெரிக்கா புதிதாக நாடானபோது சட்டசபையில் இருந்த பெரிய மனிதராம். அவருக்குப் பின்னால், தட்டில் காலிக் கிளாஸோடு, உதட்டை இறுக மூடிக்கொண்டு ஒரு கறுத்த வேலையாள். கிளாஸுக்குள் ஓடிய கீறலை நான்தான் புள்ளி புள்ளியாக அழித்தேன், அதனால் அது காலி என்று சத்தியமே செய்வேன். பிறகு முகத்துக்கு வந்தேன், கை நின்றுவிட்டது. அப்பாவின் முகம். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது, அப்பாவுக்கும் எனக்கும் இருப்பதுபோலவே.

கேட்டதற்கு, மதராஸிலிருந்து கப்பலில் கூட்டிவந்த ஆள், பெயர் தெரியாது என்று அந்த அம்மாள் எழுதினார்.

அப்பாவிடம் காட்டினேன்.

"நம்ம வம்சத்துல ஒருத்தரு வெள்ளக்காரன் கப்பல்ல போயி திரும்பவேயில்லன்னு எங்கப்பா சொல்லும். இவருதாம்மா."

"மொகம் ஒத்துப்போனா போதுமாப்பா?"

"நீ படிச்ச புள்ள, பேரக் கண்டுபிடி. பேரு சொல்லாம தண்ணி விட்டா அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

தேடினேன். அந்தப் பெரிய மனிதரின் குதிரைக்குக்கூடப் பெயர் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை.

ஆடி அமாவாசைக் காலையில் அப்பா ஆற்றில் இறங்கி, "கப்பல்ல போனவரே" என்று மட்டும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். மத்தியானம் மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். கிளாஸ் நிறையத் தண்ணீர்.

அந்த அம்மாளுக்கு எழுதிக் கேட்டேன். அமெரிக்காவில் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஓவியத்திலும் அப்படித்தானாம், எப்போதுமே அப்படித்தானாம்.

அதைக்கூட விட்டுவிடுவேன். அவருடைய உதடு இப்போது லேசாகத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வருவதுபோல.

"பேரச் சொல்றாரு, என்னன்னு படிம்மா" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கிறவள் நான். அந்த உதட்டை வாசிக்க எனக்குத் தெரியவில்லை.