மொனராகலையில் காய்த்த போஞ்சி

மலைமேல் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் வீரய்யா போஞ்சி என்கிற பீன்ஸ் கொடியைத் திட்டாத நாளில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் பனியில் நனைந்துகொண்டு பூக்கவே யோசிக்கும். பூத்தாலும் மணி முற்ற ஆடி அசைந்து காலம் எடுக்கும். ஆனால் அந்தக் காய்ந்த விதையை வேகவைத்த சாறுதான் அவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். மனைவி இராக்கம்மா மூத்தவளை வளர்த்ததும் அதைக் குடித்துத்தான். பால் போதவில்லை என்ற பேச்சே அப்போது எழவில்லை.

1910 வாக்கில் கீழே மொனராகலையில் ரப்பருக்குக் காடு வெட்டினார்கள். ஆட்களை மேய்க்கும் கங்காணி வேலை என்றதும் வீரய்யா குடும்பத்தோடு இறங்கிவிட்டான். மலை விதையும் கூடப் போனது. அந்த வெயிலில் கொடி விறுவிறுவென்று ஏறிற்று. பாதிப் பூ உதிர்ந்தது; மிச்சம் சட்டென்று காய்த்து, சட்டென்று காய்ந்தது.

"பாத்தியா புள்ள, இதுல்ல மண்ணு!" என்று மார்தட்டினான்.

சின்னவன் அங்கேதான் பிறந்தான். இராக்கம்மா அதே சாற்றைக் குடித்தாள், பால் ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பி அழுதான். கால் குச்சியாயிற்று.

"இன்னொரு பிடி அள்ளிப் போடேன்."

"பானையையே முழுங்கவா? தோலுதாங்க மெதக்குது, உள்ள ஒண்ணுமில்ல."

"ஒனக்கு நாக்கு நீளமாப் போச்சு."

மலைப் பக்கம் பதுளையிலிருந்து பொதிமாட்டோடு வரும் வியாபாரி ஜௌபர், முற்றத்தில் காய்ந்த விதையை அள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கங்காணி, இதுக்கு அம்மை போட்டதா?"

"ஒங்க மலை வெதைதான் நானா."

"விதை மலையிலதான். வெயில் அவசரப்படுத்திட்டு. சத்து எறங்க முந்தியே பழுத்துட்டு."

அவர் அள்ளியதை வீரய்யாவின் ஒரு கையில் கொட்டி, தன் பொதியிலிருந்து மலைப் போஞ்சி விதை ஒரு பிடி எடுத்து மறுகையில் வைத்தார். மலை விதை கனத்தது. மற்றதில் உமியை வைத்ததுபோல் இருந்தது. உள்ளே பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். சத்தம் போடவும் தெம்பில்லை.

ஜௌபரின் பொதியிலிருந்ததை வாங்கி வேகவைத்தார்கள். நாள் போகப் போகப் பால் கொஞ்சம் ஊறியது. பொதி காலியானால்? மழைக்காலத்தில் மாடு இந்தப் பக்கம் வராது. வீரய்யா மூட்டையைக் கட்டினான்.

"கங்காணி வேலைய விட்டுட்டுப் போனா மேல சிரிப்பாங்களேங்க."

"சிரிக்கட்டும். பல்லுதானே தெரியும்."

மடுல்சீமைப் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் வரிசையில், பழையபடி கடைசி ஆளாய் நின்றான். சிரிக்கவும் செய்தார்கள். தலை நரைத்த பிறகும் பழங்கதை பேசினால், மொனராகலை அதிகாரம் அவன் வாயில் வராது. மலைக்குத் திரும்பி வந்த, பனி கொட்டிய அந்த வருஷத்தையும், கடைவாயில் பால் வழிய இராக்கம்மாவின் மடியில் தூங்கிப்போன சின்னவனையும்தான் திரும்பத் திரும்பச் சொல்வான்.