இருபது டிகிரி கூடுதல்

1941 டிசம்பர் பதினாறு, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் பினாங்கை விட்டு வெள்ளைக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் கிளம்பினார்கள். சொல்லாவிட்டால் என்ன, ஊருக்கே தெரியும். நாயைச் சமையல்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கையில் ஒற்றைப் பெட்டியோடு துறைமுகம் பக்கம் நடந்தால், காற்று வாங்கப் போகிறார்கள் என்று எவன் நம்புவான்?

பீச் ஸ்திரீட்டில் கார் விற்கிற கம்பெனி ஒன்றின் மானேஜர் ஹார்டிங் துரை. அவருக்கு மனைவியைவிடப் பிரியமானது ஒரு பச்சை நிறப் பந்தயக் கார். மாலை நாலு மணிக்கு அவர் ஆபீசுக்குள் ஓடி வந்தபோது, அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள், கணக்கும் கடிதமும் எழுதுகிற கிராணி அம்பிகைபாகன். ஊரே குண்டுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்க, அவர் கோட்டு போட்டுக்கொண்டு கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என் வண்டியில் இருக்கிற எண்ணெயை ஒட்ட வடித்துவிட்டு இன்ஜினை ஓட விடு. பத்து நிமிஷத்தில் வெந்து இறுகிச் செத்துவிடும். ஜப்பான்காரன் கையில் கிடைக்கக் கூடாது" என்றார் துரை.

"அப்படியே செய்கிறேன், சார். ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்..."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடினார். அந்தச் சொல்லை உத்தரவாக எடுத்துக்கொள்ள முடியாது. அம்பிகைபாகன் வண்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டி, 'எழுத்து உத்தரவு எதிர்பார்க்கப்படுகிறது' என்று கோப்பில் குறித்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போனார்.

உத்தரவு வரவில்லை. கேப்டன் மொரிதாதான் வந்தார்.

மொரிதா பூட்டை உடைத்தார், வண்டியைக் கண்டார், காதல் கொண்டார். வண்டியின் பராமரிப்புப் புத்தகம் முழுக்க முத்து முத்தாக ஒரே கையெழுத்து. எந்த நாளில் எந்த எண்ணெய், எத்தனை டிகிரி, எல்லாம் இருந்தது. எழுதியவன்தான் பெரிய மெக்கானிக் என்று முடிவு கட்டி அம்பிகைபாகனைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சைக்கிள் செயினே மாட்டத் தெரியாது. ஏனப்பா வாயைக் குடுத்தனீங்கள்?" என்றாள் மனைவி யோகலட்சுமி.

"நான் வாயே திறக்கேல்லை. என்ரை கையெழுத்துத்தான் பேசினது."

ஒரு வருஷம் அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் ஓடிற்று. 1943 மார்ச்சில் மொரிதாவுக்கு ஆசை முற்றியது. ஏப்ரல் இருபத்தொன்பது சக்கரவர்த்தியின் பிறந்தநாள். கவர்னர் முன்னால், குதிரைப் பந்தயத் திடலில், பன்னிரண்டு சுற்று பறந்து காட்ட வேண்டும்.

துரையின் நல்ல எண்ணெய் எப்போதோ தீர்ந்திருந்தது. கிடைத்தது பழைய இன்ஜின் எண்ணெயைக் காய்ச்சி வடிகட்டிய கறுப்புக் குழம்பு. ஒத்திகையில் ஐந்தாவது சுற்றில் எண்ணெயின் சூடு காட்டும் முள் நூற்றுப்பத்து டிகிரியில் இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டது. இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். மொரிதா இறங்கி வந்து அம்பிகைபாகனின் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"பன்னிரண்டு சுற்றும் ஓடினால் உன் பாஸில் முத்திரை. நீ இங்கே தேவையான ஆள். நின்றால் நீ சயாம்."

சயாம் என்றால் ரயில்பாதை போடும் வேலை. போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை.

அம்பிகைபாகன் நேரே சூலியா தெருவுக்குப் போனார். ஹனீபாவின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் இப்போது அரிசியும் இல்லை, கறியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு வறுவல்தான்.

"எண்ணெய் சூடாகுதுன்னா எங்கிட்டல்லா முதல்ல வரணும், கிராணி அண்ணே" என்றார் ஹனீபா. "அந்த ஜப்பான்காரன் அடுப்பை எரியவிட்டுட்டு சட்டிய மூடி வெச்சிருக்கான். காத்துப் பட வேணாமா?"

ஹனீபாவுக்கு பாலிக் புலாவில் ஒரு மச்சான் இருந்தார். ஜாதிக்காய் எண்ணெய் வடிக்கிறவர். அவரிடம் சும்மா கிடந்த செம்புச் சுருள் ஒன்று மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. ஹனீபாவின் அண்டாக்களுக்கு ஈயம் பூசுகிறவர் அதை வண்டியின் மூக்குக்கு முன்னால் வைத்துப் பற்றவைத்தார். கொதிக்கிற எண்ணெய் சுருளுக்குள் புகுந்து, எதிர்க்காற்றில் ஆறி, மறுபடி இன்ஜினுக்குள் போகும். அம்பிகைபாகன் பக்கத்தில் நின்று புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார். அவருடைய பங்கு அவ்வளவுதான்.

இரண்டாவது ஒத்திகை. எட்டாவது சுற்றில் சிவப்பு. மறுபடி சுத்தியல், மறுபடி கன்னம்.

"அந்தச் சிவப்புக் கோடு புது எண்ணெய்க்குப் போட்டது" என்றார் ஹனீபா. "ரெண்டு தடவை வறுத்த எண்ணெய் சீக்கிரமே புகைஞ்சிடும். இருபது டிகிரிக்கு முன்னாடியே அவன் காலை எடுக்கணும்லா."

அதை மொரிதாவிடம் சொல்லியும் பார்த்தார் அம்பிகைபாகன். "இங்கிலீஷ்காரன் நூற்றுப்பத்து வரைக்கும் போனானா?" என்று கேட்டார் மொரிதா. "போனார், சார்." "அப்படியானால் நானும் நூற்றுப்பத்து வரைக்கும் அமுக்குவேன்."

அன்று சாயந்தரம் வீட்டில் யோகலட்சுமி சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரன் வந்த பிறகு ஊர்க் கடிகாரம் எல்லாம் தோக்கியோ நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆறு மணி வெயிலை ஏழரை என்று சொல்லிக்கொண்டு ஊரே நடந்தது.

"இஞ்சேருங்கோ. சூரியனுக்கே முள்ளைத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் ஒரு காருக்குத் தள்ளினால் என்ன குறைஞ்சு போகும்?"

"அது பொய் எல்லோ?"

"ஓம், பொய்தான். சயாமுக்குப் போய் உண்மை பேசுங்கோ. வெயிலுக்குக் கோட்டையும் கொண்டு போங்கோ."

மறுநாள் அவளுடைய கொண்டை ஊசியால் அம்பிகைபாகன் காரின் எண்ணெய்ச் சூட்டு அளவியிலிருந்து முள்ளை நெம்பி எடுத்தார். வாழ்க்கையில் அவர் கையால் செய்த முதல் மெக்கானிக் வேலை அது. ஹனீபாவின் டீத்தண்ணீர்ப் பானைக்குள் அளவியின் சூடு உணரும் குமிழை முக்கி, கொதி வந்ததும் முள்ளை நூற்றிருபதில் வைத்து அழுத்தினார்.

"உலகத்துலயே என் கடையிலதான் தண்ணி நூற்றிருபதுல கொதிக்குது" என்றார் ஹனீபா. "போர்டு வெச்சிடலாமா, அண்ணே?"

பிறந்தநாள் அன்று பேண்டு வாத்தியம், கொடி, கவர்னர், கட்டாயப்படுத்திக் கூட்டி வந்த ஜனம். மொரிதா கையுறை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். முள்ளைப் பார்த்தார். இன்ஜின் இன்னும் கிளம்பவே இல்லை, முள் ஐம்பத்திரண்டில் நின்றது.

"இது ஏன் இப்போதே ஐம்பது?"

அம்பிகைபாகனுக்குக் கோட்டுக்குள் முதுகெல்லாம் ஈரமாகிவிட்டது. "சுடவைத்துத் தயாராக வைத்திருக்கிறேன், சார்."

மொரிதா கையுறையைக் கழற்றி வண்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பினாங்கு வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்ற தகரம். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தலையசைத்தார்.

நாலாவது சுற்றிலேயே முள் சிவப்பைத் தொட்டது. மொரிதா காலைத் தளர்த்தினார். முள் இறங்கியது, மறுபடி அமுக்கினார். ஏறியது, தளர்த்தினார். தான் மரணத்தின் விளிம்பில் ஓட்டுவதாக அவருக்கு நினைப்பு. உண்மையில் எண்ணெய் தொண்ணூறில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஹனீபா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அம்பிகைபாகன் கண்ணைத் திறக்கவே இல்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார். சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் கைதட்டல்தான் கேட்டது.

மொரிதா இறங்கி வந்தார். அதே கை உயர்ந்தது. இந்த முறை முதுகில் தட்டியது. பாஸில் முத்திரை விழுந்தது.

1945இல் மொரிதா போனார், கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பின. பிரிட்டிஷ் ராணுவம் வந்து காரை எடுத்துக்கொண்டு போயிற்று. முள்ளைத் திருப்பி வைக்கும்படி அம்பிகைபாகனுக்கு யாரும் எழுத்தில் உத்தரவிடவில்லை. அதனால் வைக்கவில்லை.

1954 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"அன்புள்ள அம்பிகைபாகன், ராணுவம் திருப்பித் தந்த என் கார் எட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. இந்த எட்டு வருஷமும் சிவப்புக் கோட்டுக்குப் பயந்து பயந்து ஓட்டினேன். பால் வண்டிகூட என்னை முந்திப் போயிற்று. போன வாரம்தான் ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தார், அளவி இருபது டிகிரி கூட்டிக் காட்டுகிறதாம். அதனால்தான் இன்ஜின் இன்னும் புதிதுபோல இருக்கிறது என்கிறார். முள்ளை யார், எப்போது, யாருடைய அனுமதியின் பேரில் நகர்த்தினார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். நீர் அன்று கேட்ட சீட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஹார்டிங்."

உறைக்குள் சின்னச் சீட்டு ஒன்று இருந்தது. தேதி 16.12.1941. கீழே கையெழுத்து.

"வண்டியை அழிக்க வேண்டாம்."