நார்வேக்குப் போக மறுத்த ஷூக்கள்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் லேபிள் மென்பொருளுக்கு நான்தான் பொறுப்பு. அதன் செட்டிங்ஸ் ஃபைலை ஜேசன் என்ற வடிவத்திலிருந்து யாமல் என்ற வடிவத்துக்கு மாற்றச் சொன்னார் புது மேனேஜர்.

"யாமல்ல கொட்டேஷன், பிராக்கெட் எதுவும் இல்ல. பாக்கவே நீட்டா இருக்கு."

மாற்றினேன்.

இன்று காலை நார்வே பெட்டிகளில் நாட்டுக் குறியீட்டுக்குப் பதில் 'ஃபால்ஸ்' என்று அச்சாகி வந்தது. நார்வேயின் குறியீடு 'என் ஓ'. மேற்கோள் குறி இல்லாததால் யாமல் அதை 'இல்லை' என்று பொருள்படும் ஆங்கில 'நோ' என்று படித்து, 'ஃபால்ஸ்', அதாவது 'பொய்' என்று முடிவுகட்டிவிட்டது.

பேக்கிங் சூப்பர்வைசர் சலீம் பாய் லேபிளை நீட்டினார். "இன்னா மேடம், அப்படி ஒரு நாடே இல்லியா?"

வெளியே லாரி காத்திருந்தது. மேற்கோள் குறி போடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"போட்டா நீட்டா இருக்காதே. நார்வே பையர்கிட்ட பேசி நாட்டுக் குறியீட்டையே மாத்த முடியுமா பாருங்க."

அவர் சொன்னதைக் கேட்காமல் மேற்கோள் குறியைப் போட்டுவிட்டேன். லேபிள்கள் சரியாக அச்சானதும் லாரி கிளம்பிப் போய்விட்டது.

நார்வேயில் இருக்கும் நண்பர்களே, நாட்டின் பெயரை மாற்ற அங்கே யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?