நாலு தரம் திறந்த மூடி

சென்ற வருடம் மார்ச் மாதம், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. மகனுக்கு அப்போது பத்து மாதம். அவனை நூலகத்துக்குக் கூட்டிப் போயிருந்தபோது, பொறியியல் படிக்கும் மாணவர்கள் சிலர் வாசலில் மேசை போட்டிருந்தார்கள். வெயிலில் மாம்பழத் துண்டு உலர்த்தும் பெட்டி ஒன்று, நெருப்பில்லாமல் சமைக்கும் பெட்டி இன்னொன்று. விறகு எளிதில் கிடைக்காத உகண்டாக் கிராமங்களுக்குக் கொண்டுபோகுமுன் இங்கே வீடுகளில் சோதிக்கக் கொடுத்தார்கள். நானும் ஒரு சமையல் பெட்டியை வாங்கி வந்தேன்.

அரிசியையும் பயறையும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கம்பளி அடைத்த அந்தப் பெட்டிக்குள் பானையை வைத்து மூட வேண்டும். மூன்று மணிநேரம் திறக்கக் கூடாது. ஆனால் அடுப்பில்லாமல் எப்படி வேகும், அரைவேக்காட்டைக் கொடுத்துப் பிள்ளைக்கு வயிறு குழம்பினால் என்ன செய்வது என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தேன். பிறகும் பார்த்தேன். கடைசியில் பயறு நறுக்கென்று கடிபட்டது. படிவத்தில் ‘வேகவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் அந்தக் குழுவிலிருந்த தமிழ்ப் பெண் பெட்டியை எடுக்க வந்தாள். வெள்ளிக்கிழமை பயணமாம். என் பதிலைப் பார்த்துவிட்டு எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, இன்னும் கம்பளி அடைக்கப் போகிறார்களாம். பெட்டியைத் தூக்கப் போனவளை மறித்தேன்.

“தங்கச்சி, பெட்டியில பிழையில்லை. நான்தான் மூடியைத் திறந்தனான்.”

“எத்தினை தரம் அக்கா?”

“மூண்டு.”

பெட்டிக்குள் சூட்டைக் குறித்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்று இருந்தது. அதைக் கழற்றி மடிக்கணினியில் செருகினாள். திரையில் ஒரு கோடு, இடையிடையே பள்ளம்.

“நாலு, அக்கா.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே இன்னொரு தரம் கொதிக்க வைத்து மூடினோம். அவள் மகனோடு விளையாடினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மூன்று மணிநேரம் கழித்துத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. பயறு விரலில் வெண்ணெய்போல மசிந்தது. அடுப்போ எப்போதோ ஆறிக் குளிர்ந்து கிடந்தது.

பிள்ளை பசியில் அழுதால் அங்கேயும் அம்மாமார் திறந்து பார்ப்பார்கள்தானே, அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்றாள் அவள். பெட்டிகளைப் பிரிக்கவில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே காட்டும் முள் ஒன்றை ஒவ்வொரு மூடியிலும் பொருத்திக்கொண்டு போனார்கள்.

முகம் தெரியாத தாய் ஒருத்தி அந்த முள்ளைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மற்ற வேலைக்குப் போவதை நினைக்கும்போதெல்லாம், வெட்கத்தில் நான் சொல்லாமல் விடப் பார்த்த ஒரு பிழை எவ்வளவு தூரம் போய்விட்டது என்று இன்றும் மலைத்துப்போகிறேன்.