தறிவீடு டாட் காம்

போன மாதம் எங்கள் வீட்டுக் கணினிகளுக்கு, போனில் தட்டினால் திறக்கும்படி, இணைய முகவரி மாதிரிப் பெயர் வைத்தேன். அப்பா சேலை டிசைன் போடும் கணினிக்கு ‘தறிவீடு டாட் காம்’. வீட்டு வைஃபைக்குள் மட்டும் புழங்கும் பெயர்தானே என்று அதை இணையத்தில் பதிவு செய்யவில்லை.

பெயர் தேட உதவியவள் கவிதா. ஆறு வருடமாக ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்.

இன்று காலை பஸ்ஸில், ஏதோ ஞாபகத்தில் போனில் அந்தப் பெயரைத் தட்டினேன். ஒரு சேலைக் கடை திறந்தது. முதல் படத்தில் பட்டுச் சேலையில் கவிதா சிரிக்கிறாள்.

“இது நம்ம பேராச்சே கவி?” என்று பக்கத்திலிருந்தவளிடம் காட்டினேன்.

“நீ வூட்டுக்குள்ளதானே வெச்சிக்கினு இருந்த. வெளிய சும்மா கெடந்துது, வாங்கிட்டேன்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீயே வாங்கியிருப்ப.”

இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ஊரில் யார் அந்தப் பெயரைத் தட்டினாலும் அவள் கடை திறக்கும். எங்கள் வீட்டு வைஃபையில் மட்டும் அப்பாவின் கணினிதான் திறக்கும். வீட்டில் அந்தப் பெயரை நான் மாற்றுவதாக இல்லை. நீங்களாக இருந்தால் மாற்றுவீர்களா?